சந்தேகம் கமிஷன் மேல, நம்பிக்கை பவர் மேல: மனை வாங்கப்போற தம்பிக்கு ஒரு வக்கீலோட பதில்

கடிதம் ரொம்ப நீளம், எழுதினவர் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்திட்டு சுருக்கமா சொல்றேன்.

எழுதினவர் சென்னைல ஒரு பிரைவேட் கம்பெனில வேலை பாக்கறார், வயசு 34, மனைவி, ஒரு குழந்தை, கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை வீடுதான். கூடுவாஞ்சேரி பக்கம் அரை கிரவுண்ட், அதாவது 1200 சதுர அடி மனை ஒண்ணு பாத்திருக்கார். காட்டினது மனைவியோட சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச புரோக்கர். விலை 42 லட்சம், புரோக்கருக்கு 1 சதவீதம் கமிஷன்னு பேச்சு. "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க சார், அவங்க முடிச்சிடுவாங்க"ன்னு சொன்னதும் அன்னிக்கு சாயங்காலமே 2 லட்சம் கேஷா டோக்கன் கொடுத்திருக்கார். அதுக்கு ஒரு வெள்ளைப் பேப்பர்ல ரசீது, கையெழுத்து போட்டது ஓனர் இல்ல, புரோக்கர்.

ஓனர் சிங்கப்பூர்ல இருக்காராம். இங்க அவரோட மச்சான் பேர்ல பவர் (அவர் சார்பா செயல்பட அதிகாரம் கொடுக்கற பத்திரம்) இருக்கு, எல்லாம் அவர்தான் பாக்கறார். மனையை 1994ல பஞ்சாயத்து லேஅவுட்ல வாங்கினது ஓனரோட அப்பா. அவர் 2011ல இறந்துட்டார், அம்மாவும் பின்னாடி போயிட்டாங்க, உயில் எதுவும் இல்லைன்னு சொல்றாங்க. பட்டா பையன் பேருக்கு மாறியாச்சு. ரெண்டு அக்கா இருக்காங்க, ரெண்டு பேருக்கும் "நிறைய நகை போட்டு எப்பவோ கட்டிக் கொடுத்தாச்சு". 13 வருஷ ஈசி (வில்லங்கச் சான்று) ஜெராக்ஸ் காட்டியிருக்காங்க, சுத்தமா இருக்கு. பத்திரத்தை கைடுலைன் வேல்யூவுக்கு (அரசு நிர்ணயிச்ச மதிப்புக்கு), 24 லட்சத்துக்குப் போட்டுக்கலாம், மீதி 18 லட்சம் கேஷ்னு புரோக்கர் யோசனை.

ஆனா கடிதத்துல முக்கால்வாசி இதைப் பத்தி இல்ல. பக்கத்து மனைக்காரர் பேச்சுவாக்குல "அந்த ஓனர் 36க்கே தரேன்னாரே"ன்னு சொல்லிட்டார். அதுலேர்ந்து நம்ம வாசகருக்குத் தூக்கம் இல்ல. 6 லட்சத்தை புரோக்கர் நடுவுல அடிக்கறார், ஓனர் நம்பரைக் கேட்டா கொடுக்க மாட்டேங்கறார், சித்தப்பாவுக்கும் இதுல பங்கு இருக்குமோன்னு சந்தேகம், அதை வாய்விட்டுக் கேட்டதால வீட்ல மனைவியோட சண்டை. புரோக்கரைக் கழட்டி விட்டுட்டு நேரா ஓனர்கிட்ட போலாமா, அவர் மேல ரெரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல) புகார் கொடுக்கலாமா, டோக்கன் திரும்ப வருமா, இதான் கேள்வி. கடைசில ஒரு வரி எழுதியிருக்கார்: "மத்தபடி பட்டா, ஈசி, பவர் எல்லாம் கிளியர் சார், பிரச்சனை புரோக்கர் மட்டும்தான்."

தம்பி, அந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டுதான் மத்த கடிதத்தையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு உங்களுக்கு முதல்ல பதில் எழுதறேன். சந்தேகப்படறது தப்பில்ல, நிலம் வாங்கறவன் சந்தேகப்படாம இருந்தாதான் தப்பு, ஆனா நீங்க சந்தேகத்தை எல்லாம் ஒரே ஆள் மேல கொட்டித் தீத்துட்டீங்க, அதனால பேப்பருக்கு மிச்சம் எதுவும் இல்லாம போச்சு. புரோக்கர் 6 லட்சம் மேல வச்சிருந்தா உங்களுக்கு நஷ்டம் 6 லட்சம். பேப்பர் சரியில்லைன்னா போறது 42 லட்சம், கூடவே 20 வருஷ லோன், அப்புறம் செங்கல்பட்டு கோர்ட்டுக்கும் வீட்டுக்குமா அலைச்சல். முதல்ல நீங்க கேட்டதுக்கே பதில் சொல்லிடறேன், இல்லன்னா மீதி எதுவும் உங்க காதுல ஏறாது.

புரோக்கர் ஏன் ஓனர் நம்பரைக் கொடுக்க மாட்டேங்கறார்

அவர் கைல இருக்கறது ஒரே ஒரு சரக்கு, எந்த இடம் விலைக்கு இருக்கு, யார் விக்கறாங்கங்கற தகவல். அதை உங்ககிட்ட சொன்ன அடுத்த நிமிஷம் அவர் கை காலி. வாங்கறவரும் விக்கறவரும் நேரா பேசி முடிச்சிட்டு, ஆறு மாசமா வெயில்ல வண்டில கூட்டிட்டுப் போய் இடம் காட்டினவரை "யார் சார் நீங்க"ன்னு கேக்கறது இந்தத் தொழில்ல அடிக்கடி நடக்கறதுதான். நீங்களே கேட்டிருக்கீங்களே, கழட்டி விட்டுட்டுப் போலாமான்னு. அவர் எதுக்குப் பயப்படறாரோ அதையேதான் நீங்க யோசிச்சிட்டு இருக்கீங்க, அதனால நம்பரை மறைக்கறதை மட்டும் வச்சு அவரை மோசடிக்காரர்னு முடிவு கட்டாதீங்க.

இதுக்கு வழி இருக்கு, பெரிய வழி எல்லாம் இல்ல. கமிஷன் எவ்வளவு, எப்போ கொடுக்கணும் (கிரையம் பதிவாகற அன்னிக்கு), ஓனர்கிட்ட நேரா பேசினாலும் இந்த மனைக்கு இந்த கமிஷன் உண்டு, ஓனர் பக்கத்துலேர்ந்து அவருக்கு என்ன வருதுங்கறதையும் சொல்லிடணும், இந்த நாலு விஷயத்தை ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அதுக்கப்புறம் ஓனரை வீடியோ கால்ல காட்டுங்கன்னு கேளுங்க. பயம் கமிஷனுக்குன்னா அந்தப் பேப்பரோட பயம் போயிடும், காட்டிடுவார். கமிஷனை எழுதிக் கொடுத்த பிறகும் ஓனரைக் காட்ட மாட்டேன்னா மறைக்கறது வேற ஏதோன்னு அர்த்தம், அப்போ சந்தேகப்படுங்க, நல்லாவே சந்தேகப்படுங்க.

36க்கும் 42க்கும் நடுவுல இருக்கற 6 லட்சத்துக்கு வரேன். பக்கத்து மனைக்காரர் சொன்ன விலை எப்போ சொன்னது, யார்கிட்ட கேட்டது, உங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி சொன்ன விலையாவும் இருக்கலாம். இன்னொரு பக்கம், "எனக்குக் கைல இவ்வளவு வந்தா போதும், மேல எவ்வளவுக்கு வித்தாலும் உன் சாமர்த்தியம்"னு ஓனரே புரோக்கர்கிட்ட சொல்றதும் நடக்குது. அது ஓனருக்கும் அவருக்கும் நடுவுல இருக்கற ஏற்பாடு, அதுவே குற்றம் ஆகாது. ஆனா நீங்களும் அவருக்கு 1 சதவீதம் கொடுக்கறதா பேசியிருக்கீங்க பாருங்க, அங்கதான் விஷயம் மாறுது. உங்ககிட்ட கூலி வாங்கினா அவர் உங்களுக்கும் ஏஜென்ட், உங்களுக்காக வேலை பாக்கற ஏஜென்ட் உங்களுக்குத் தெரியாம அதே வியாபாரத்துல தனக்குன்னு லாபம் வச்சா அந்த லாபத்தை நீங்க கேக்கலாம்னு இந்திய ஒப்பந்தச் சட்டம் 216வது பிரிவு சொல்லுது. சட்டம் இருக்கு, கோர்ட்ல அதை நிரூபிக்க ஓனர் உங்களுக்கு சாட்சி சொல்லணும், பேச்செல்லாம் வாய்ப்பேச்சு, யதார்த்தத்துல கஷ்டம்தான். அதனாலதான் முன்னாடியே எழுதி வாங்கிக்கங்கன்னு சொல்றேன்.

அதை விட முக்கியமான கேள்வி, அந்த மனை 42 பெறுமாங்கறது. புரோக்கர் எவ்வளவு அடிக்கறார்ங்கறதை விட்டுட்டு அதைப் பாருங்க. அதே லேஅவுட்ல போன ஒரு வருஷத்துல வித்த மனைகளோட ஈசியை பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல நீங்களே இலவசமா போட்டுப் பாக்கலாம், பத்திரத்துல காட்டின தொகை அதுலயே வரும், கம்மியா காட்டியிருப்பாங்கங்கறதையும் மனசுல வச்சுக்கங்க. பேங்க் வேல்யூவர் ரிப்போர்ட்டும் ஒரு கணக்கு கொடுக்கும். 42 பெறும்னு தெரிஞ்சா 6 லட்சம் யாருக்குப் போகுதுங்கற எரிச்சலை விட்டுடலாம், பெறாதுன்னா பேரம் பேசுங்க, அவ்வளவுதான்.

நேரா ஓனர்கிட்ட போறதுக்கு சட்டத்துல தடை எதுவும் இல்ல. ஆனா இடத்தைக் காட்டினது இவர், கமிஷன் தரேன்னு ஒத்துக்கிட்டது நீங்க, வியாபாரம் முடிஞ்சா அந்தத் தொகையைக் கேட்டு அவர் கேஸ் போட முடியும், கூடவே சொந்தத்துல மனஸ்தாபம். 42,000 ரூபாய்க்காக அதைப் பண்ணாதீங்க.

ரெரா விஷயத்துல நீங்க நினைச்சிட்டிருக்கறது சரியில்ல. 2016ல வந்த ரெரா சட்டம் புரொமோட்டர் போடற பிராஜெக்ட்டுக்கு, 500 சதுர மீட்டருக்கு மேல நிலம் பிரிச்சு வித்தா பதிவு பண்ணணும், அந்த பிராஜெக்ட்டை விக்கற ஏஜென்ட்டும் பதிவு பண்ணணும். ஒரு தனி ஆள் தன்னோட பழைய மனையை இன்னொருத்தருக்கு விக்கறதுல வர்ற புரோக்கரை அது தொடாது. நாளைக்கு புது லேஅவுட்ல மனை பாத்தீங்கன்னா ரெரா நம்பரும் ஏஜென்ட் பதிவு நம்பரும் கேளுங்க, இங்க அது உதவாது.

அந்த 2 லட்சம்

"டோக்கன் கொடுத்தா திரும்பாது"ன்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்களும் நம்பிட்டீங்க. வாங்கறவர் பின்வாங்கினா முன்பணத்தைப் பிடிச்சுக்கற உரிமை விக்கறவருக்கு சில சமயம் உண்டு, அதுக்கு முதல்ல விக்கறவரோட ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கணும், நிபந்தனை எழுதியிருக்கணும், மீறினது நீங்களா இருக்கணும். உங்க கேஸ்ல ஓனர் எதுலயும் கையெழுத்து போடல, பவர் வச்சிருக்கறவரும் போடல. புரோக்கர் ஓனர் சார்பா பணம் வாங்க அதிகாரம் உள்ளவரான்னும் காட்டல. அதனால ஓனரை இந்த ரசீது கட்டுப்படுத்தாது, நாளைக்கே அவர் வேற ஆளுக்கு வித்தா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, உங்களையும் கட்டுப்படுத்தாது. பணம் புரோக்கர் கைல நிக்குது, வியாபாரம் நடக்கலைன்னா அவர் திருப்பித்தான் ஆகணும்.

இன்னொண்ணு. நிலம் விக்கறது வாங்கறது சம்பந்தமா 20,000 ரூபா அல்லது அதுக்கு மேல கேஷா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்துல இருக்கு, மீறினா வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம். கொடுத்த உங்களுக்கு இந்த அபராதம் இல்ல, ஆனாலும் இதைச் சொல்லி மிரட்டிப் பணம் வாங்கப் பாக்காதீங்க, அது வேற வம்புல கொண்டு போய் விடும். இப்போ பண்ண வேண்டியது, வாட்ஸப்ல அமைதியா ஒரு மெசேஜ் போடுங்க, இந்தத் தேதில இந்த மனைக்கு 2 லட்சம் உங்ககிட்ட கொடுத்தேன், பேப்பர் எல்லாம் சரியா இருந்தா ஓனர் கணக்குல அட்வான்ஸா சேக்கணும், இல்லன்னா எனக்குத் திருப்பணும்னு. "சரி சார்"னு பதில் வந்தா அது உங்க வெள்ளைப் பேப்பரை விட பலமான ஆதாரம்.

திருப்ப மாட்டேன்னா வக்கீல் நோட்டீஸ், அப்புறம் 3 வருஷத்துக்குள்ள சிவில் வழக்கு. போலீஸுக்குப் போலாமான்னு நிறைய பேர் முதல்லயே கேக்கறாங்க. பணம் திருப்பலைங்கறதால மட்டும் மோசடின்னு ஆகாது, ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணத்தோட வாங்கினார்னு காட்டணும், உதாரணத்துக்கு அந்த ஓனருக்கு புரோக்கர்னு ஒருத்தர் இருக்கறதே தெரியாதுன்னு வெளிய வந்தா, இல்ல இதே மனைக்கு வேற நாலு பேர்கிட்ட டோக்கன் வாங்கியிருந்தா. அந்த மாதிரி எதுவும் இப்போ உங்க கடிதத்துல இல்ல.

நீங்க சந்தேகமே படாத இடங்கள்

முதல்ல அக்காங்க ரெண்டு பேர். இதுதான் இந்த வியாபாரத்தோட உண்மையான ஓட்டை, நீங்க அதை ஒரே வாக்கியத்துல தாண்டிப் போயிட்டீங்க. மனை அப்பா காசு போட்டு வாங்கினது. உயில் எழுதாம இறந்துட்டார். அவங்க இந்து குடும்பம்னா இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நிமிஷமே அம்மா, பையன், பொண்ணுங்கன்னு எல்லாருக்கும் சம பங்கு போயிடுச்சு, அம்மா இறந்ததும் அவங்க பங்கும் மூணு பிள்ளைங்களுக்கும் வந்துடும். அதனால ஓனர்னு நீங்க சொல்றவருக்கு இருக்கறது மூணுல ஒரு பங்கு. அவர்கிட்ட மட்டும் கிரையம் வாங்கினா உங்களுக்கு வர்றதும் அந்த மூணுல ஒண்ணுதான், அதுவும் எந்தப் பக்கம்னு கோடு போடாத ஒண்ணு. நகை போட்டது, சீர் செஞ்சது எதுவும் அந்தப் பங்கை அழிக்காது. பெரிய அக்காவுக்கு 1989க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, அதனால சட்டப்படி உரிமை இல்லைன்னு பவர் ஏஜென்ட் சொன்னதா எழுதியிருக்கீங்க. அந்த 1989 கணக்கு தமிழ்நாடு கொண்டு வந்த திருத்தத்துல பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு சொன்னது, அதுவும் 2005ல மத்திய சட்டம் வந்து ஓரங்கட்டிடுச்சு. அப்பா சுயமா சம்பாதிச்சு வாங்கின சொத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பாதி தெரிஞ்ச சட்டத்தை வச்சுப் பேசறவங்ககிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க.

"அக்கா சாட்சிக் கையெழுத்து போட்டுடுவாங்க"ன்னு சொல்றாங்களாம். சாட்சிக் கையெழுத்து போட்டவங்க தன் பங்கை விட்டுக் கொடுத்தாங்கன்னு அர்த்தம் ஆகாது, எழுதிக் கொடுத்தவர் கையெழுத்து போட்டதைப் பாத்தேங்கறதுதான் அது. ரெண்டு அக்காவும் விக்கறவங்களா கிரையப் பத்திரத்துல சேந்து கையெழுத்து போடணும், இல்லன்னா முதல்ல தம்பிக்கு விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக் கொடுக்கற பத்திரம்) பதிவு பண்ணிக் கொடுக்கணும். தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதுல எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேரும் வந்துட்டாங்களான்னு எண்ணுங்க, உயிரோட இல்லாத வாரிசு இருந்தா அவங்க பிள்ளைங்களும் கணக்குல வருவாங்க.

"ஆனா ஈசி சுத்தமா இருக்கே"ன்னு நீங்க கேப்பீங்க. ஈசில பதிவான பத்திரம்தான் வரும். ஒருத்தர் இறந்து போனா அதை யாரும் சார்பதிவாளர் ஆபிஸ்ல பதிவு பண்ண மாட்டாங்க, அதனால அக்காங்களோட பங்கு எந்த ஈசிலயும் தெரியாது. பதிவு பண்ணாத உயில் தெரியாது, கோர்ட்ல ஓடிட்டிருக்கற பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் தெரியாது, அதுக்கு இ-கோர்ட்ஸ் தளத்துல குடும்பத்துல எல்லார் பேரையும் போட்டுத் தேடணும். இன்னொரு பக்கம், உங்களுக்குக் காட்டினது 13 வருஷத்துக்கு மட்டும். 13 வருஷத்துல யாரும் எதுவும் விக்கலைங்கறதைத் தவிர அதுல வேற என்ன இருக்கும்? வழக்கமா 30 வருஷம் பாப்பாங்க, இங்க அப்பா வாங்கினது 1994, 30 வருஷம் போட்டாலும் அந்தக் கிரையமே அதுக்குள்ள வராது. பெரும்பாலான ஆபிஸ்ல 1975லேர்ந்து கம்ப்யூட்டர்ல இருக்கு, அங்கேர்ந்தே போடுங்க. லேஅவுட் போட்டவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது, அதுக்கு முன்னாடி யாருக்கு இருந்தது, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா, புறம்போக்கு ஏதாவது உள்ள கலந்திருக்கா, இதெல்லாம் தாய்ப்பத்திரத்தையும் (இந்தச் சொத்தோட முந்தைய மூலப் பத்திரம்) பழைய வருவாய்க் கணக்கையும் பாத்தாதான் தெரியும்.

பட்டா அவர் பேர்ல இருக்குங்கறது தெம்பா இருக்கும். ஆனா பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, வரி யார் பேர்ல வசூலிக்கணும்னு வச்சிருக்கற பதிவு, அதுவே உரிமை கொடுக்காதுன்னு கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியாச்சு. அக்காங்க பேரை விட்டுட்டு பட்டா மாத்தினதுனால அவங்க பங்கு எங்கயும் போகல.

அடுத்தது பவர். மச்சானுக்குப் பவர் கொடுத்தவருக்கு மூணுல ஒரு பங்கு இருந்தா பவர்ல வர்றதும் அவ்வளவுதான். அதைத் தவிர பவர் கொடுத்தவர் இறந்துட்டா பொதுவா பவரும் முடிஞ்சுடும், அதனாலதான் பவர் ஏஜென்ட் பத்திரம் போட வரும்போது கொடுத்தவர் உயிரோட இருக்கார்னு சான்று கேக்கறாங்க. வெளிநாட்டுல எழுதின பவர்னா அங்க இந்தியத் தூதரகத்துலயோ நோட்டரிகிட்டயோ சான்றொப்பம் வாங்கியிருக்கணும், இங்க வந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டியிருக்கணும். விக்கறதுக்கும் பணம் வாங்கறதுக்கும் அதிகாரம் அதுல தெளிவா இருக்கான்னு வரி வரியா படிங்க, ரத்து ஆகலைன்னு பதிவான ஆபிஸ்லயே போய்ப் பாருங்க. பணம் ஓனர் கணக்குக்குத்தான் போகணும், மச்சான் கணக்குக்கு இல்ல. ஓனர் சிங்கப்பூர்லயே குடியிருக்கறவர்னா வரி விஷயம் வேற மாதிரி: 50 லட்சத்துக்குக் கீழ இருந்தா டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கற வரி) இல்லைங்கறது இங்க இருக்கறவர்கிட்ட வாங்கும்போது, வெளிநாட்டுல குடியிருக்கறவர்கிட்ட வாங்கினா தொகை எவ்வளவா இருந்தாலும் வரியைப் பிடிச்சுக் கட்ட வேண்டியது நீங்க. பிடிக்காம விட்டா வருமான வரி ஆபிஸ் அவரைத் தேடி சிங்கப்பூர் போகாது, உங்ககிட்டதான் வரும். எந்த புரோக்கரும் இதைச் சொல்ல மாட்டார், அக்ரிமெண்ட்டுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பாத்துடுங்க.

"பதிவு ஆயிடுச்சுன்னா கவர்ன்மெண்ட்டே செக் பண்ணிட்ட மாதிரிதானே சார்"னும் எழுதியிருக்கீங்க. இல்ல தம்பி. 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுலேர்ந்து போன ஒரு வழக்குலயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லியிருக்கு, எழுதிக் கொடுக்கறவருக்கு உரிமை இருக்கா இல்லையான்னு ஆராயறது சார்பதிவாளர் வேலை இல்ல. இல்லாத உரிமையை பதிவு பண்ணினா இல்லாததுதான் பதிவாகும். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து பண்ற மாதிரி 2022ல நம்ம மாநிலத்துல 77ஏன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க, 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதனால பின்னாடி சரி பண்ணிக்கலாம்னு நினைச்சா போய் நிக்க வேண்டியது சிவில் கோர்ட்ல.

பேங்க் லோன் பத்தி ரெண்டு வரி போதும். பேங்க் வக்கீல் பாக்கறது பேங்குக்காக. அவங்க ஒத்துக்கிட்டா நல்லது, ஆனா இடத்துல பிரச்சனை வந்தாலும் உங்க இஎம்ஐ நிக்காது. தனியா ஒரு வக்கீல்கிட்ட உங்க காசுல லீகல் ஒபினியன் வாங்குங்க, அந்த வக்கீலை புரோக்கர் கூட்டிட்டு வரக்கூடாது.

பஞ்சாயத்து லேஅவுட்னு சொன்னதையும் விட்டுட முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போட்ட லேஅவுட் அப்ரூவல் ஆகாது, டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுக்கறதுதான் அப்ரூவல். 2016 அக்டோபர் 20க்கு முன்னாடியே மனையா பதிவானதால திரும்பப் பதிவு பண்றதுல தடை வராது, ஆனா 2017ல வந்த விதிப்படி வரன்முறை (அப்ரூவல் இல்லாத மனையை முறைப்படுத்தறது) பண்ணலைன்னா வீடு கட்ட பிளான் அப்ரூவல்ல மாட்டுவீங்க, லோன்லயும் இழுக்கும். வரன்முறை ஆர்டர் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா அந்தச் செலவு யாருடையதுன்னு விலைலயே பேசி முடிங்க.

24 லட்சத்துக்குப் பத்திரம்

7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், ஆக 9. 18 லட்சத்தை மறைச்சா 1,62,000 ரூபா மிச்சம், கணக்கு சரிதான். ஆனா அக்காங்க கேஸ் போட்டு பத்திரம் அடிபட்டுப் போச்சுன்னு வைங்க, நீங்க ஓனர்கிட்ட திரும்பக் கேக்க முடியறது 24 லட்சம், மீதி 18 லட்சம் கொடுத்ததுக்கு ஆதாரமே இல்ல. பின்னாடி நீங்க விக்கும்போது வாங்கின விலை 24னுதான் கணக்கு, லாபம் அதிகமா காட்டி வரி கட்டணும். லோனுக்கும் பத்திரத் தொகையைத்தான் பாப்பாங்க, 18 லட்சம் கேஷுக்கு நீங்க எங்க போவீங்க? இன்னொண்ணும் கவனிங்க, புரோக்கர் நிஜமாவே 6 லட்சம் மேல வச்சிருந்தா அதை எடுத்துக்க அவருக்கு வழி இந்தக் கேஷ்தான். முழுத் தொகையும் பேங்க் மூலமா ஓனர் கணக்குக்குன்னு நீங்க பிடிவாதமா நின்னா, உங்களைத் தூங்க விடாத அந்த 36 - 42 கேள்விக்கும் பதில் தானா வெளிய வந்துடும்.

இப்போ என்ன பண்றது

முதல்ல வாட்ஸப் மெசேஜ். அடுத்து கமிஷன் பேப்பர், அதுக்கப்புறம் ஓனரோட வீடியோ கால், அதுல அவர் வாயால விலையும் பவர் விஷயமும் கேளுங்க, அக்காங்க சம்மதம் பத்தியும் கேளுங்க. தாய்ப்பத்திரத்தோட ஒரிஜினலை எங்கயாவது வச்சுப் பாக்கணும், ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினல் எங்கன்னு கேட்டா பதில் தடுமாறினா ஏதாவது பேங்க்லயோ தனியார்கிட்டயோ அடமானத்துல இருக்கலாம். இடத்துக்கு ஒரு சர்வேயரைக் கூட்டிட்டுப் போய் எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே துறையோட நில அளவு வரைபடம்) வச்சு அளந்துடுங்க, அப்படியே அங்க யாராவது குடிசை போட்டோ வேலி போட்டோ இருக்காங்களான்னு பாருங்க, வேற ஆள் அனுபவத்துல இருக்கற இடத்தை வாங்கினா அவங்க உரிமை உங்களுக்குத் தெரியும்னுதான் சட்டம் எடுத்துக்கும்.

இதெல்லாம் சரியா வந்தா மட்டும் அக்ரிமெண்ட். ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வச்சா போதும்னு டாக்குமெண்ட் ரைட்டர் சொல்வார். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்லேர்ந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும். பதிவாகாத ஒப்பந்தத்தை வச்சும் கிரையம் எழுதித் தரச் சொல்லி வழக்கு போடலாம்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை, ஆனா பதிவு பண்ணினா அது ஈசில ஏறும், அடுத்து வர்ற பார்ட்டிக்கும் தெரியும், வழக்குக்குப் போக வேண்டிய நிலைமையே பல நேரம் வராது. அக்ரிமெண்ட்ல அக்காங்களும் கையெழுத்து போடட்டும், அவங்க கிரையத்துக்கு வரலைன்னா அட்வான்ஸ் முழுசா திரும்பணும்னு ஒரு வரி, எத்தனை நாளுக்குள்ளங்கறதும் சேத்து எழுதுங்க. ரெண்டு நாளிதழ்ல பொது அறிவிப்பும் கொடுத்துடுங்க, ஆட்சேபணை இருக்கறவங்க வெளிய வருவாங்க.

சித்தப்பா விஷயம். அவருக்கு இதுல ஏதாவது வருதான்னு எனக்கு சொல்லத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆதாரம் இல்லாம மனைவிகிட்ட அதைச் சொன்னது நல்லதுக்கு இல்ல. அவர்கிட்ட இப்படிப் போங்க: "சித்தப்பா, வக்கீல் அக்காங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணுங்கறார், நீங்க பேசினா நடக்கும்." உண்மையிலேயே நல்லது நினைச்சு இடத்தைக் காட்டினவர்னா ஓடி வந்து பேசுவார். "எங்க ஆளையே நம்ப மாட்டியா"ன்னு கோவப்பட்டா, நம்பறது நம்பாதது பிரச்சனை இல்ல, லீகல் ஒபினியன் வராம வக்கீல் விட மாட்டேங்கறார்னு பழியை என் மேலயே போட்டுடுங்க.

அக்காங்க வர மாட்டேன்னா இந்த மனை வேண்டாம், விலையை 36க்கு இறக்கினாலும் வேண்டாம். டோக்கனைத் திருப்பக் கேளுங்க, வாய்ல கேட்டு 15 நாள் பாருங்க, வரலைன்னா ரசீதையும் வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கிட்டு ஒரு வக்கீல் மூலமா நோட்டீஸ் அனுப்புங்க, அந்த நோட்டீஸ்ல ஓனர் பேரையும் பவர் ஏஜென்ட் பேரையும் சேருங்க, பணம் அவங்ககிட்ட போச்சா இல்லையான்னு பதில்லயே தெரிஞ்சிடும்.